கராஜில் ஐம்பது பாட்டில்: லோடை திராட்சையில் வீட்டு ஒயின் செய்ய முழுமையான வழிகாட்டி

கலிபோர்னியாவில் ஒயின் திராட்சை கேட்பாரற்றுக் கிடக்கிறது. 2018-ல் அந்த மாநிலத்தின் ஆலைகள் 42 லட்சம் டன்னுக்கு மேல் ஒயின் திராட்சையை நசுக்கின. 2024-ல் அது 29 லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கியது. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் இவ்வளவு குறைந்ததில்லை. விளைச்சல் குறைந்தது ஒரு காரணம். வாங்க ஆளில்லாமல் கொடியிலேயே காய விடப்பட்ட பழம் இன்னொரு காரணம்.

விவசாயிக்கு இது இடி. வீட்டில் ஒயின் செய்கிறவருக்கோ, முன்பு பெரிய ஆலைகள் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போன நல்ல பழம் இன்று பெட்டிக் கணக்கில் கிடைக்கிறது. ஆறு ஆண்டுகளாக ஃப்ரீமாண்டில் எங்கள் வீட்டு கராஜில் ஒயின் செய்துவருகிறேன். முதல் ஆண்டுச் சரக்கு வினிகராகிச் சமையலறைக்குப் போனது. இரண்டாம் ஆண்டுச் சரக்கைக் குடிக்க முடிந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கணக்கெல்லாம் 150 பவுண்டு, அதாவது 68 கிலோ பழத்துக்கு. அதிலிருந்து சுமார் 38 லிட்டர் ஒயின் வரும். ஐம்பது பாட்டில்.

முதலில் சட்டம்

அமெரிக்க மத்தியச் சட்டப்படி, வயது வந்த இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை வரி இல்லாமல் ஒயின் செய்துகொள்ளலாம். தனி ஆள் என்றால் 100 கேலன், அதாவது 378 லிட்டர். ஒரு பாட்டிலைக்கூட விற்கக் கூடாது. மாநிலங்களுக்கும் தனி விதிகள் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ஆர்வத்தில் பானையை எடுத்துவிடாதீர்கள்.

அந்த 200 கேலனுக்குப் பின்னால் ஒரு வேடிக்கையான வரலாறு இருக்கிறது. 1920 முதல் 1933 வரை நாடு முழுக்க மதுவிலக்கு இருந்தபோதும், வீட்டில் பழச்சாறு செய்துகொள்ள ஒரு சட்டப்பிரிவு இடம் கொடுத்தது. அந்தச் சாறு தானாகப் புளித்தால் யார் என்ன செய்வது? கலிபோர்னியாவிலிருந்து ரயில் பெட்டிகளில் திராட்சை சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் போயிற்று. தடித்த தோலும் சிவந்த சதையும் கொண்ட அலிகாந்தே பூஷே என்ற ரகத்துக்குத்தான் அதிகக் கிராக்கி. நெடும்பயணத்தைத் தாங்கியது, தண்ணீர் கலந்தாலும் நிறம் குறையவில்லை. மதுவிலக்குக் காலத்தில் ஆலைகள் மூடின, திராட்சைத் தோட்டங்கள் பெருகின.

வேண்டிய கருவிகள்

உணவுக்கு உகந்த பிளாஸ்டிக்கில் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் தொட்டி ஒன்று. கார்பாய் என்று கடைக்காரர்கள் சொல்லும் பெரிய கண்ணாடிக் குடுவைகள் இரண்டு, ஒவ்வொன்றும் ஐந்து கேலன் கொள்ளவேண்டும். மிஞ்சும் ஒயினுக்குச் சில சிறிய ஜாடிகள். காற்று உள்ளே வராமல் வாயுவை மட்டும் வெளியே விடும் ஏர்லாக்குகள். சர்க்கரை அளவைக் காட்டும் ஹைட்ரோமீட்டர், வெப்பமானி, புளிப்பை அளக்கும் பிஎச் மீட்டர், 0.1 கிராம் துல்லியம் காட்டும் தராசு. நசுக்கும் இயந்திரத்தையும் பிழியும் கூடையையும் விலைக்கு வாங்காதீர்கள். ஒயின் சாமான் கடைகளில் நாள் வாடகைக்குக் கிடைக்கும், ஆண்டில் இரண்டு நாள்தான் வேண்டியிருக்கும்.

கருவிகளில் காசைச் சேமிக்கலாம், பிஎச் மீட்டரில் மட்டும் சேமிக்காதீர்கள். பொய் சொல்லும் மீட்டரைவிட மீட்டரே இல்லாமல் இருப்பது மேல்.

படி 1: பழம் பிடித்தல்

ஒயினின் தலையெழுத்து இங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. கடையில் வாங்கித் தின்னும் திராட்சையைத் தொடாதீர்கள். அது தண்ணீர் நிறைந்தது, தோல் மெல்லியது, சர்க்கரை குறைவு. ஒயின் திராட்சை சிறியது, கொட்டை உள்ளது, தோல் தடித்தது. வாயில் போட்டால் முதலில் தேன், பிறகு புளிப்பு, கடைசியில் வாழைப்பூவை மென்றதுபோல ஒரு துவர்ப்பு. அந்தத் துவர்ப்புதான் ஒயினுக்கு முதுகெலும்பு.

கலிபோர்னியாவின் பேர்பெற்ற ஒயின் வட்டாரமான நாபாவின் பெயரைக் கேட்டு அங்கே ஓடவேண்டாம். கலிபோர்னியா ஒயினில் நாபாவின் பங்கு சுமார் நான்கு சதவீதம்தான். 1976-ல் பாரிஸில் லேபிளை மறைத்துச் சுவைத்த போட்டியில் நாபாவின் கபர்னே என்ற சிவப்பு ஒயினும் ஷார்டனே என்ற வெள்ளை ஒயினும் பிரெஞ்சு ஒயின்களை முந்திய நாளிலிருந்து அதன் விலை ஏறத் தொடங்கியது. இன்று நாபா கபர்னே டன்னுக்குச் சராசரியாக 8,000 டாலருக்கு மேல். சாக்ரமெண்டோவுக்குத் தெற்கே உள்ள லோடையில் விளையும் ஜின்ஃபண்டல் என்ற சிவப்பு ஒயின் ரகம் ஆயிரம் டாலருக்கும் கீழே. ஒரு டன் பழத்தில் ஏறக்குறைய 700 பாட்டில் வரும். கணக்குப் போட்டால், நாபா பாட்டிலில் பழத்துக்கு மட்டும் பதினோரு டாலர். லோடை விவசாயிக்கு டன்னுக்கு 700 டாலர் கிடைத்தால், பாட்டிலுக்கு ஒரே ஒரு டாலர். சில பாட்டில்களில் கண்ணாடிக்கும் கார்க்குக்கும் போகும் காசு பழத்தை விளைவித்தவருக்குப் போவதில்லை.

தொடங்குகிறவர்களுக்கு லோடை ஜின்ஃபண்டலைத்தான் சொல்வேன். மணற்பாங்கான நிலம் என்பதால் வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா பூச்சி அங்கே எளிதில் பரவுவதில்லை. ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கும் பழங்கொடிகள் இன்னும் உண்டு. 1886-ல் நட்ட சின்சோ ரகக் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. ஜின்ஃபண்டலை அமெரிக்கர்கள் தங்கள் சொந்தப் பழமாகவே கொண்டாடிவந்தார்கள். 2001-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் கரோல் மெரிடித்தும் குரோவேஷிய ஆய்வாளர்களும் மரபணுவைப் பார்த்து, இது குரோவேஷியக் கடற்கரையில் அழியும் நிலையில் இருந்த ஒரு பழைய ரகம்தான் என்று காட்டினார்கள். குடியேறி வந்தவர்களின் நாட்டில் திராட்சையும் குடியேறிதான்.

நேரே தோட்டக்காரரிடம் பேசுங்கள். ஜூலையிலேயே தொலைபேசியில் அழைத்து, ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பரில் பழம் வேண்டும் என்று சொல்லிவைக்கவேண்டும். நான் வாங்குகிறவர் மூன்றாம் தலைமுறை விவசாயி. முதல் முறை பேசியபோது, “150 பவுண்டா, 150 டன்னா?” என்று இரண்டு முறை கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே, “சரி வாருங்கள், இந்த ஆண்டு யார் கேட்டாலும் கொடுக்கும் நிலையில்தான் இருக்கிறேன்” என்றார். ஆலையோடு போட்டிருந்த ஒப்பந்தம் முடிந்து, புதுப்பிக்கப்படவில்லை.

ஏன் இந்த நிலை? ஒரே காரணத்தைச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். இளையவர்கள் ஒயினைக் குறைத்துக்கொண்டார்கள். 2025-ல் காலப் நிறுவனம் எடுத்த கணக்கெடுப்பில், மது அருந்துவதாகச் சொன்ன அமெரிக்கர்கள் 54 சதவீதம். 1939-லிருந்து கேட்டுவரும் கேள்வி அது, இவ்வளவு குறைந்த விடை வந்ததில்லை. அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் அப்போதைய தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி, மது குறைந்தது ஏழு வகைப் புற்றுநோய்களோடு தொடர்புடையது என்று அறிக்கை விட்டார். மார்ச் மாதம் இறக்குமதி வரிச் சண்டையில் கனடாவின் பெரும்பாலான மாகாணங்கள் அமெரிக்க மதுவைக் கடை அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டன. அதுவரை அமெரிக்க ஒயினுக்கு வெளிநாட்டில் முதல் சந்தையாக இருந்தது கனடாதான். இதற்கு நடுவில், கப்பலில் பெரும் பைகளில் வந்து இறங்கும் மலிவான வெளிநாட்டு ஒயின். லேபிளில் ‘அமெரிக்கன்’ என்று போட்டாலும் உள்ளே 25 சதவீதம் வரை வெளிநாட்டு ஒயின் இருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. எங்கள் விவசாயிக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் கோபம். அவர் கோபம் நியாயமானது என்றே எனக்கும் படுகிறது.

பழம் எடுக்கும் முன் இன்னொன்று கேளுங்கள்: இந்த ஆண்டு பக்கத்தில் காட்டுத்தீ எரிந்ததா? 2020 ஆகஸ்டில் மின்னல் மூட்டிய தீயும் செப்டம்பர் கடைசியில் நாபாவை எரித்த ‘கிளாஸ்’ என்ற தீயும் அந்த ஆண்டு நிறையப் பழத்தைக் கெடுத்தன. புகையின் மணப்பொருள்கள் பழத்தோலுக்குள் புகுந்து சர்க்கரையோடு பிணைந்து ஒளிந்துகொள்கின்றன. பழத்தைத் தின்றால் தெரியாது. நொதிக்கும்போதும், பாட்டிலில் இருக்கும்போதும், ஏன், வாயில் எச்சில் படும்போதும் பிணைப்பு அவிழ்ந்து வெளியே வரும். சாம்பல் கிண்ணத்தை நக்கியதுபோல இருக்கும். ஐயம் இருந்தால் இரண்டு கிலோ பழத்தை மட்டும் முன்கூட்டியே வாங்கி, வாளியில் ஒரு வாரம் நொதிக்கவிட்டுச் சுவைத்துப் பாருங்கள். 2020-ல் பரிசோதனைக்கூடங்களில் வரிசை நீண்டபோது பெரிய ஆலைகளே வாளியைத்தான் நம்பின.

பழத்தை அதிகாலையில் வாங்குங்கள். ஆட்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இரவில் பறிப்பார்கள். குளிர்ந்த பழம் கெடாது, பறிக்கிறவர்களுக்கும் வெயில் இல்லை. நான் நாலரை மணிக்குப் போய் நின்றபோது, வளைந்த சிறு கத்தியால் ஒருவர் ஒரு கொடியை அரை நிமிடத்துக்குள் வழித்துவிட்டு அடுத்ததற்கு ஓடினார். குலை தொட்டியில் விழுகிற ஓசை மட்டும்தான் கேட்டது, பேச்சே இல்லை. வாங்கிய பழத்தை ஏசி போட்ட காரில் நேரே வீட்டுக்குக் கொண்டுவரவேண்டும். வழியில் காப்பிக்கு நிறுத்தாதீர்கள்.

படி 2: நசுக்குதலும் அளத்தலும்

காம்பை நீக்கிப் பழத்தை உடைத்தால் போதும். கொட்டையை அரைத்துவிட்டால் கசப்பு இறங்கும். தொட்டியில் சுமார் 55 லிட்டர் கூழ் சேரும். உடனே நான்கு கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்டைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கலக்குங்கள். இது 40 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 40 பங்கு, கந்தக டைஆக்சைடைக் கொடுக்கும். தோலோடு வந்த கண்ட கண்ட கிருமிகளையும் அடக்கும். துணியால் மூடி ஒரு நாள் விடுங்கள்.

மறுநாள்தான் அளக்கவேண்டும். ஜின்ஃபண்டலின் குணம் அப்படி. ஒரே குலையில் பச்சைக்காயும் பழுத்ததும் உலர்ந்த திராட்சையும் சேர்ந்திருக்கும். உலர்ந்தவை சாற்றில் ஊறி உள்ளே இருக்கும் சர்க்கரையை விட ஒரு நாள் பிடிக்கும். நசுக்கியதும் 24 பிரிக்ஸ் காட்டியது மறுநாள் 26 காட்டும். பிரிக்ஸ் என்பது நூறு கிராம் சாற்றில் எத்தனை கிராம் சர்க்கரை என்ற கணக்கு. அதை 0.58-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய மதுவின் சதவீதம் வரும். 26 என்றால் 15 சதவீதம்.

28-க்கு மேல் போனால் ஈஸ்ட் திணறும், குளோரின் இல்லாத தண்ணீரைச் சேர்த்துக் குறைக்கலாம். வெட்கப்படவேண்டாம். நொதிப்பு நிற்காமல் நடப்பதற்காகத் தண்ணீர் சேர்க்கக் கலிபோர்னியச் சட்டமே அனுமதிக்கிறது. ஆலைகளில் தண்ணீர்க் குழாய்க்கு ‘கறுப்புப் பாம்பு’ என்று பட்டப்பெயர். சுற்றுலாப் பயணிகளிடம் மட்டும் அதைச் சொல்வதில்லை.

அடுத்தது புளிப்பு. லோடையின் வெயிலில் புளிப்பு குறைந்து பிஎச் 3.7, 3.8 என்று நிற்கும். 3.5-க்குக் கொண்டுவந்தால் நிறமும் பிடிக்கும், கிருமியும் அண்டாது. அதற்குச் சேர்ப்பது டார்டாரிக் அமிலம். பெயரைக் கேட்டு மிரளவேண்டாம், நம் வீட்டுப் புளியின் புளிப்பும் இதே அமிலம்தான். லிட்டருக்கு ஒரு கிராம் சேர்த்தால் பிஎச் சுமார் 0.1 இறங்கும். நம் கூழில் சாறு சுமார் 40 லிட்டர் என்று வைத்தால், 3.7-லிருந்து 3.5-க்கு இறக்க 80 கிராம். ஒரேயடியாகப் போடாதீர்கள். பாதியைப் போட்டுக் கலக்கி, அளந்து, வாயிலும் வைத்துப் பார்த்து, மீதியைப் போடுங்கள். ரசத்துக்குப் புளி கரைப்பவருக்கு இதைச் சொல்லித்தரவேண்டியதில்லை.

படி 3: ஈஸ்ட் விடுதல்

தோலில் ஒட்டிவரும் காட்டு ஈஸ்ட்டே போதும் என்று சொல்கிற ஆலைகள் உண்டு. கள் இறக்குகிறவரும் ஈஸ்ட் பாக்கெட் வாங்குவதில்லைதான். ஆனால் கள்ளை அன்றே குடித்துவிடுகிறோம், ஒயின் ஓராண்டு நிற்கவேண்டும். முதல் சில ஆண்டுகள் பாக்கெட் ஈஸ்ட்டையே பயன்படுத்துங்கள். கடையில் 15 சதவீத மதுவைத் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். ஐந்து கிராம் பாக்கெட் மூன்று வேண்டும்.

பத்து மடங்கு தண்ணீரை 40 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி ஈஸ்ட்டைத் தூவி இருபது நிமிடம் விடுங்கள். நுரைத்ததும் தொட்டிச் சாற்றில் கொஞ்சம் கொஞ்சமாக அதில் சேர்த்துக் குளிரவைக்கவேண்டும். இரண்டுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு பத்து டிகிரிக்குள் வந்த பிறகே தொட்டியில் ஊற்றவேண்டும். சூட்டிலிருந்து குளிரில் தள்ளினால் பாதி ஈஸ்ட் அங்கேயே செத்துவிடும். இதைச் செய்யப் பொறுமையில்லாமல்தான் என் முதல் ஆண்டுச் சரக்கு கெட்டது.

படி 4: பொங்கும் வாரம்

இரண்டாம் நாள் கராஜ் கதவைத் திறந்தால் ஒரு மென்மையான சீறல் கேட்கும். தோல்களெல்லாம் வாயுவால் தூக்கப்பட்டு மேலே ஒரு சாண் கனத்துக்குத் திரண்டு நிற்கும். ஆலைக்காரர்கள் இதைத் ‘தொப்பி’ என்பார்கள். கையை உள்ளே விட்டால் மேலே சுடும், அடியில் குளிரும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா மூக்கை உறிஞ்சிவிட்டு, “என்னப்பா, மாவு பொங்கி வழிகிறதா?” என்று கேட்டார். வேறு நுண்ணுயிர்தான் என்றாலும் வேலை ஏறக்குறைய அதே வேலை. தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு காலியாக விடச் சொல்வதும் அதற்காகவே.

காலை, மாலை, முடிந்தால் நடுப்பகலிலும் தொப்பியை உடைத்து அமுக்கி நனைக்கவேண்டும். நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன, சாறு வெறும் வெளிர் ரோஜா நிறம். தொப்பியைக் காயவிட்டால் வினிகர்க் கிருமி குடியேறும். நெயில்பாலிஷ் வாடை வந்தால் அது அடையாளம். நீண்ட பிடியுள்ள மத்து போன்ற கருவி கடையில் கிடைக்கும். என்னைக் கேட்டால், முழங்கைவரை கழுவிய கைதான் சிறந்த கருவி. எங்கே சூடு, எங்கே கட்டி என்று கைக்குத் தெரியும்.

வெப்பம் 25 முதல் 30 டிகிரிக்குள் இருக்கட்டும். 35-ஐத் தாண்டினால் ஈஸ்ட் மயங்கிவிடும். உறைந்த தண்ணீர் பாட்டில்களை நன்றாகக் கழுவித் தொட்டியில் மிதக்கவிட்டால் சூடு அடங்கும்.

பிரிக்ஸ் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததும் ஈஸ்ட்டுக்குச் சத்து போடவேண்டும். பாக்கெட்டின் அளவைப் பாருங்கள். சத்து போதாவிட்டால் ஈஸ்ட் கந்தக வாயுவை விடும், கூமுட்டை நாற்றம் வரும். பதறாமல் சத்தைப் போட்டு, ஒயினைக் காற்றுப்பட நன்றாகக் கலக்கினால் பெரும்பாலும் போய்விடும். விட்டுவைத்தால் அது வேறு பொருளாக மாறி ஒட்டிக்கொள்ளும், பிறகு போகாது.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். ஒரு லிட்டர் சாறு நொதித்து முடிவதற்குள் ஐம்பது லிட்டருக்கும் மேல் கரியமில வாயுவை வெளிவிடும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். கராஜ் கதவை ஒரு அடியாவது திறந்துவையுங்கள். தொட்டிக்குள் தலையை நீட்டி முகராதீர்கள். குழந்தைகளையும் நாயையும் உள்ளே விடாதீர்கள். பெரிய ஆலைகளில் இந்த வாயுவால் தொழிலாளர்கள் இறந்திருக்கிறார்கள்.

தினமும் இரண்டு முறை பிரிக்ஸும் வெப்பமும் எழுதிவையுங்கள். ஆறேழு நாளில் 26-லிருந்து பூஜ்யத்துக்கு வரவேண்டும். நடுவில் 4, 5 என்று நின்றுவிட்டால் நொதிப்பு சிக்கிக்கொண்டது என்று பொருள். தொட்டியைப் போர்வையால் சுற்றிச் சூடாக்கிப் பாருங்கள். அதற்கும் நகராவிட்டால், புது ஈஸ்ட்டைத் தனிப் பாத்திரத்தில் வளர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக இந்த ஒயினைப் பழக்கிச் சேர்க்கவேண்டும். சிக்கிக்கொண்டதே அதிர்ஷ்டமானதும் உண்டு. 1970-களின் நடுவில் நாபாவில் சட்டர் ஹோம் ஆலையின் பாப் டிரிஞ்செரோவுக்கு ஜின்ஃபண்டல் ரோஜாநிறச் சாறு பாதியில் நின்று இனிப்பாகிவிட்டது. அப்படியே விற்றார். ‘ஒயிட் ஜின்ஃபண்டல்’ என்ற பெயரில் அது நாடெங்கும் பரவியது. அந்த இனிப்பு ஒயினைப் பார்த்து முகம் சுளிக்கிற அறிஞர்கள் உண்டு. அதற்கு இருந்த கிராக்கியால்தான் எண்பதுகளில் பல பழைய ஜின்ஃபண்டல் கொடிகள் வெட்டுப்படாமல் தப்பின.

படி 5: பிழிதல்

ஹைட்ரோமீட்டர் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே காட்டும்போது பிழியலாம். முதலில் தானாக வடிவதைக் குடுவையில் எடுத்துவிட்டுத் தோலைக் கூடையில் போட்டு மெதுவாக இறுக்குங்கள். வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டே இறுக்கவேண்டும். நாக்கு வறண்டு கசக்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள், கடைசி அரை லிட்டருக்கு ஆசைப்படவேண்டாம். சக்கை தோட்டத்துக்கு நல்ல உரம்.

இரண்டு நாளில் அடியில் கெட்டி வண்டல் படியும். அதை விட்டுவிட்டு ஒயினை மட்டும் குழாயால் வேறு குடுவைக்கு மாற்றுங்கள்.

படி 6: இரண்டாம் நொதிப்பு

ஈஸ்ட் போன பிறகு பாக்டீரியாவின் முறை. பச்சை ஆப்பிளில் இருக்கும் கூரிய மாலிக் அமிலத்தை இது தயிரில் இருக்கும் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். பாலுக்கு உறை ஊற்றுவதுபோல இதற்கும் பாக்கெட்டில் உறை வாங்கலாம். அறை 20 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. நான்கு முதல் எட்டு வாரம் எடுக்கும். அதுவரை சல்ஃபைட் போட்டுவிடாதீர்கள், பாக்டீரியா செத்துப்போகும்.

முடிந்ததா என்று கண்ணால் தெரியாது. ஒரு தாளில் ஒயின் சொட்டுகளை வைத்து, நாற்றமடிக்கும் திரவத்தில் நிற்கவைத்துக் காயவிடும் சோதனைப் பெட்டி கிடைக்கும். காய்ந்த தாளில் ஒவ்வோர் அமிலமும் ஒரு மஞ்சள் புள்ளியாகத் தெரியும். மாலிக் புள்ளி மறைந்திருந்தால் வேலை முடிந்தது. முடிவதற்கு முன்பே பாட்டிலில் அடைத்தால் உள்ளேயே நொதித்துக் கார்க்கைத் தள்ளும். ஆண்டில் இந்தச் சோதனை நடக்கும் ஒரு நாள், சமையலறையை எனக்குத் தர வீட்டில் மறுத்துவிடுகிறார்கள்.

படி 7: காத்திருப்பு

புள்ளி மறைந்ததும் 38 லிட்டருக்கு 3.3 கிராம் மெட்டாபைசல்ஃபைட். அதாவது 50 பிபிஎம். சல்ஃபைட்டைப் பழிப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. 1987 முதல் அமெரிக்க லேபிளில் ‘சல்ஃபைட் உள்ளது’ என்று அச்சிடுவதால் தலைவலிக்கெல்லாம் அதுவே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். சல்ஃபைட் ஒவ்வாத ஆஸ்துமாக்காரர்கள் உண்டு, அவர்கள் விலகவேண்டும். மற்றவர்கள், அமெரிக்கச் சட்டம் 350 பிபிஎம் வரை அனுமதிக்கிறது என்பதோடு இந்த அளவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

குடுவையைக் கழுத்துவரை நிரப்பியே வைக்கவேண்டும். என் இரண்டாம் ஆண்டு ஒயின் சுமாரானது இதனால்தான். டிசம்பரில் ஊருக்குப் போய்விட்டு ஆறு வாரம் கழித்து வந்தேன். ஏர்லாக்கில் தண்ணீர் வற்றி, ஒயினின் மேல் வெள்ளை ஆடை படர்ந்திருந்தது. அன்று முதல் பயணத்துக்கு முன் நான் கடைசியாகப் பூட்டுவது வீட்டை அல்ல, குடுவையை.

ஓக் மரத்தின் மணம் வேண்டுமானால் பீப்பாய் வாங்காதீர்கள். 225 லிட்டர் பீப்பாயை நிரப்ப அரை டன் பழம் வேண்டும், புதிய பிரெஞ்சுப் பீப்பாயின் விலையோ ஆயிரம் டாலரைத் தாண்டும். வறுத்த ஓக் துண்டுகளைக் குடுவைக்கு ஒரு கைப்பிடி போட்டு, மாதம் ஒரு முறை சுவைத்து, போதும் என்றதும் வடித்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வண்டலை விட்டு மாற்றி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சல்ஃபைட் சேருங்கள்.

படி 8: பாட்டிலும் லேபிளும்

பத்து, பன்னிரண்டு மாதத்தில் ஒயின் தெளிந்துவிடும். தரையில் நிற்கும் கார்க் அடிக்கும் கருவியை வாடகைக்கு எடுங்கள், கையில் பிடித்து அடிப்பது மணிக்கட்டை முறித்துவிடும். நிரப்பிய பாட்டிலை மூன்று நாள் நிறுத்திவைத்து, பிறகு படுக்கவையுங்கள். முதல் மாதம் சுவை மங்கித் தெரியும், பயப்படவேண்டாம்.

லேபிளுக்கு நமக்குச் சட்டம் இல்லை. ஆனால் கடைப் பாட்டிலைப் படிக்கத் தெரிந்துகொள்ள இதுவே நல்ல சமயம். ரகத்தின் பெயர் போட்டால் அந்த ரகம் 75 சதவீதம் இருக்கவேண்டும், ஆரெகனில் பெரும்பாலான ரகங்களுக்கு 90. நாபா, லோடை போன்ற அங்கீகரிக்கப்பட்ட வட்டாரப் பெயருக்கு 85 சதவீதப் பழம் அங்கேயே விளைந்திருக்கவேண்டும். அத்தோடு ஆண்டும் போட்டால் 95 சதவீதம் அந்த ஆண்டினது. 14 சதவீதத்துக்கு மேல் மது இருந்தால் லேபிளில் ஒரு சதவீதம் முன்பின் போடலாம். ‘ரிசர்வ்’ என்ற சொல்லுக்கு மத்தியச் சட்டத்தில் எந்தப் பொருளும் இல்லை. அதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

நண்பருக்குக் கொடுக்கலாம், ஆனால் அமெரிக்கத் தபாலில் மது அனுப்பத் தடை. நேரில்தான் கொண்டுபோகவேண்டும். உண்மையான ஆலைகளின் நிலையும் அவ்வளவு எளிதல்ல. மதுவிலக்கு நீங்கியபோது தயாரிப்பவர், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். தன் மாநில ஆலைகளை மட்டும் வீட்டுக்கு அனுப்பவிட்டு வெளிமாநில ஆலைகளைத் தடுக்கக் கூடாது என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே சிறிய ஆலைகளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இன்றும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி உரிமம், தனி வரி. யூட்டா மாநிலத்தில் வீட்டுக்கு அனுப்பவே முடியாது.

போன ஆண்டுச் சரக்கில் இரண்டு பாட்டிலை எடுத்துக்கொண்டு லோடைக்குப் போனேன். தோட்டக்காரர் ஒன்றை அங்கேயே திறந்து, காகிதக் குவளையில் ஊற்றி, நெடுநேரம் வாயில் வைத்திருந்தார். “ஓக்கைக் குறைத்திருக்கலாம்” என்றார். பின்னால் எனக்குப் பழம் கொடுத்த ஆறு ஏக்கர் வெறும் மணலாகக் கிடந்தது. பிடுங்கிய கொடிகளை வீட்டு உயரத்துக்குக் குவித்துவைத்திருந்தார்கள். என் காரின் பின்பக்கத்தைத் திறக்கச் சொல்லி, தொடை கனத்தில் நான்கு அடிமரத் துண்டுகளைத் தூக்கிவைத்தார்.

“ஓராண்டு காயவிடுங்கள்,” என்றார். “ஆட்டுக்கறி சுட இதைவிட நல்ல கனல் கிடைக்காது.”